திறக்காத வீடியோக்களை மீட்டல்: எது முடியும், எது முடியாது

கேம்கார்டரில் எடுத்த ஒரு கோப்பு 22 ஜி.பி. என்று அளவு காட்டுகிறது. ஆனால் எந்தப் பிளேயரில் போட்டாலும் ஒரு பிரேம்கூட ஓடுவதில்லை. 'கார்டு கரப்ட் ஆகிவிட்டது' என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதன்பின் சிலர் கார்டை பார்மட் செய்து அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சிலர் 'எந்த வீடியோவையும் சரிசெய்யும்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருளைப் பணம் கொடுத்து வாங்கி, கார்டின் மேலேயே ஓட்டிப் பார்க்கிறார்கள். இரண்டுமே தவறான வழிகள். முதல் வழியில் பத்திரமாக இருந்த படமும் போய்விடுகிறது. இரண்டாவது வழியில், நோய் என்னவென்று தெரியாமலே மருந்து கொடுக்கப்படுகிறது.

இப்படிப்பட்ட கோப்புகள் பலவற்றில் படமும் ஒலியும் அழிவதே இல்லை. அவற்றை எப்படிப் படிப்பது என்ற குறிப்புதான் இல்லாமல் போயிருக்கும். வேறு சில கோப்புகளில் படம் கார்டில் எழுதப்படவே இல்லை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இவற்றைப் பிரித்தறிவதுதான் மீட்பு வேலையின் முக்கால் பங்கு என்பது என் கருத்து. மென்பொருளின் பெயரெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை எம்.பி.4 அல்லது எம்.ஓ.வி. கோப்பாகப் பதிகின்றன. ஆப்பிள் நிறுவனம் 1991இல் வெளியிட்ட குவிக்டைம் வடிவத்திலிருந்து பிறந்தவை இரண்டும். பின்னாளில் ஐ.எஸ்.ஓ. 14496 தரத்தின் 12ஆம் பகுதி இந்த அமைப்பைப் பொதுவாக்கியது. இதில் கோப்பு முழுவதும் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெட்டியின் தொடக்கத்திலும் அதன் நீளத்தைச் சொல்லும் 4 பைட்டும், அதன் பெயரைச் சொல்லும் 4 எழுத்தும் இருக்கும். இந்தக் கட்டுரைக்கு இரண்டு பெட்டிகள் போதும். 'எம்டாட்' என்ற பெட்டியில் படமும் ஒலியும் கலந்து கொட்டிக் கிடக்கின்றன. 'மூவ்' என்ற பெட்டியில் அட்டவணைகள் இருக்கின்றன: எத்தனையாவது பிரேம் எந்த இடத்தில் தொடங்குகிறது, அதன் அளவு என்ன, எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும், இடையில் வரும் ஒலித் துண்டு எது.

அட்டவணையின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு மணி நேரப் படத்தில் 90,000 பிரேம்கள். ஒவ்வொரு பிரேமின் அளவையும் குறிக்க 4 பைட் வீதம் வைத்தால் அந்த அட்டவணை 3,60,000 பைட்தான். மற்ற அட்டவணைகளையும் சேர்த்தால் சில எம்.பி. ஆகலாம். நொடிக்கு 50 மெகாபிட் வீதம் பதிந்த ஒரு மணி நேரப் படமோ 22.5 ஜி.பி. இந்தச் சில எம்.பி. இல்லாததால் அந்த 22.5 ஜி.பி.யையும் எந்தப் பிளேயராலும் படிக்க முடியாமல் போகிறது.

அது ஏன் இல்லாமல் போகிறது? படம்பிடிப்பு முடியும்வரை பிரேம்களின் எண்ணிக்கையோ அளவோ கேமராவுக்குத் தெரியாது. அதனால் அட்டவணையைத் தன் நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே போய், நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகு கோப்பின் கடைசியில் எழுதுகிறது. அதற்குள் பேட்டரி இறங்கிவிட்டாலோ, சூடேறி கேமரா தானே அணைந்துவிட்டாலோ, ஸ்டாண்டிலிருந்து விழுந்து பேட்டரி கழன்றாலோ, சிவப்பு விளக்கு அணைவதற்குள் யாராவது கார்டை உருவினாலோ 'மூவ்' எழுதப்படாது. எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவியில் அந்தக் கோப்பைக் கொடுத்தால் 'மூவ் கிடைக்கவில்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிடும். அந்த வரி ஒரு நல்ல செய்தி. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது, அதற்கு வைத்தியமும் இருக்கிறது.

பழைய ஓலைச்சுவடியில் சொற்களுக்கு இடைவெளி இருக்காது, மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. மொழியும் யாப்பும் தெரிந்தவர்தான் எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பிரித்துப் படிப்பார். அட்டவணை இழந்த கோப்பையும் அப்படித்தான் படித்தாக வேண்டும். எச்.264 முறையில் சுருக்கிய படத் துண்டு ஒவ்வொன்றின் முன்னும் அதன் நீளம் எழுதப்பட்டிருக்கும். அந்த நீளத்தைப் படித்து, அவ்வளவு தூரம் தாண்டி, அடுத்த துண்டைக் கண்டுபிடித்துக் கொண்டே போகலாம். ஆனால் படத்தின் அகலம் உயரம் என்ன, எந்த வகைச் சுருக்கம் என்பதைச் சொல்லும் அமைப்புக் குறிப்பு பெரும்பாலான கேமராக்களில் 'மூவ்' பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. அது இல்லாமல் துண்டுகளைப் பிரித்தெடுத்தாலும் விரித்துக் காட்ட முடியாது.

இங்கேதான் மாதிரிக் கோப்பு வேண்டியிருக்கிறது. அதே கேமராவில், அதே தெளிவில், அதே பிரேம் வேகத்தில், அதே பதிவு முறையில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று கையில் இருந்தால், அதிலிருந்து அமைப்புக் குறிப்பை எடுத்துக்கொண்டு கெட்ட கோப்புக்குப் புதிய அட்டவணை கட்டலாம். ஃபெடெரிகோ பொன்கியோ எழுதி இலவசமாக வெளியிட்ட 'அன்ட்ரங்க்' என்ற நிரல் செய்வது இதைத்தான். நல்ல கோப்பு ஒன்று, கெட்ட கோப்பு ஒன்று என இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதைப் பிறர் மேம்படுத்திய பதிப்புகளும் கிடைக்கின்றன. விலைக்கு விற்கும் மென்பொருள்களில் பலவும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. பட்டன்கள் அழகாக இருக்கும், அவ்வளவுதான். மாதிரிக் கோப்பு பழையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. விபத்துக்குப் பிறகு வேறொரு கார்டைப் போட்டு, அதே அமைப்பில் சில நிமிடம் புதிதாக எடுத்தாலும் போதும். வாடகைக்கு எடுத்த கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டவர்கள்தான் இந்த இடத்தில் திண்டாடுகிறார்கள்.

ஒலி கொஞ்சம் பிடிவாதம் செய்யும். சுருக்கப்படாத பி.சி.எம். ஒலி என்றால் அளவு சீராக இருக்கும், பிரிப்பது எளிது. ஏ.ஏ.சி. முறையில் சுருக்கிய ஒலி எம்.பி.4க்குள் எந்தத் தலைப்பும் இல்லாமல் வெறுமனே கிடக்கும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நிரல் ஊகித்தே ஆக வேண்டும். மீட்ட வீடியோக்களில் படம் சரியாக வந்து ஒலி விட்டுவிட்டு வருவதும், போகப்போகப் பேச்சு உதட்டசைவுக்குப் பின்தங்குவதும் இதனால்தான். கல்யாண வீடியோவாக இருந்தால் மேளமும் மந்திரமும் வேறொரு கேமராவிலோ தனி ஒலிப்பதிவுக் கருவியிலோ கிடைக்கும். அதை வைத்துப் பொருத்திவிடலாம். ஒரு முதியவரின் பேட்டி என்றால் அந்த வசதி இல்லை.

மென்பொருளைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கோப்பை எழுதிய கேமராவுக்குத்தான் அதன் அமைப்பு நன்றாகத் தெரியும். பல கேமராக்கள், மூடப்படாத கோப்புள்ள கார்டைத் திரும்பப் போட்டு இயக்கினால், 'சரிசெய்யட்டுமா?' என்று கேட்கின்றன. கோப்ரோ கேமராக்களில் இந்த வசதி நெடுநாளாக இருக்கிறது. சோனியின் தொழில்முறை கேமராக்கள் பதிவு ஊடகத்தை மீட்க வேண்டும் என்று திரையில் சொல்கின்றன. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து இதை முயன்று பார்க்கலாம். ஆனால் இதிலும் கேமரா கார்டின் மேல் எழுதத்தான் செய்கிறது. ஆகவே மறுபடி எடுக்க முடியாத காட்சி என்றால் முதலில் கார்டு முழுவதையும் பிரதி எடுத்துவிட்டுப் பிறகு கேமராவிடம் கொடுங்கள். கேமரா 'பார்மட் செய்யட்டுமா?' என்று கேட்டால், என்ன ஆனாலும் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள்.

எல்லா வடிவங்களும் இவ்வளவு எளிதில் முடங்குவதில்லை. சோனியும் பானசோனிக்கும் 2006இல் அறிமுகப்படுத்திய ஏ.வி.சி.எச்.டி. வடிவம் ஒளிபரப்புக்காக உருவான டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் முறையில் பதிகிறது. அதில் தரவு 188 பைட் பொட்டலங்களாக ஓடுகிறது. நேரக் குறிப்புக்கு 4 பைட் சேர்த்து 192. ஒவ்வொரு பொட்டலமும் ஒரே அடையாள பைட்டில் தொடங்குவதால், கோப்பு பாதியில் அறுந்தாலும் அறுந்த இடம்வரை பிளேயர் படித்துவிடும். இங்கே கெடுவது வேறு. கிளிப்புகளின் பட்டியலைக் கேமரா தனிக் கோப்புகளில் வைத்திருக்கிறது. யாராவது கணினியில் கார்டைத் திறந்து ஒரு கிளிப்பை அழித்தாலோ பெயர் மாற்றினாலோ, பட்டியல் பொருந்தாமல் போய்க் கேமராவில் எதுவுமே தெரியாது. படம் எல்லாம் 'ஸ்ட்ரீம்' என்ற உள்கோப்புறையில் பத்திரமாக இருக்கும். நீண்ட கிளிப் 2 அல்லது 4 ஜி.பி. துண்டுகளாக உடைந்திருந்தால், அவற்றைத் தனித்தனியாக வைத்து ஒட்டும்போது இணைப்பில் ஒலி தடுக்கும். கேமராவோடு வந்த மென்பொருளில் இறக்கினால் அந்தச் சிக்கல் வராது. பழைய ஏ.வி.ஐ. கோப்பிலும் அட்டவணை கடைசியில்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு துண்டின் முன்னும் பெயரும் நீளமும் இருப்பதால் வி.எல்.சி. பிளேயரே புதிய அட்டவணை கட்டிக்கொள்ளும். 8 செ.மீ. டிவிடியில் பதிந்த கேமராக்களில் எடுத்துக் கடைசிவரை 'ஃபைனலைஸ்' செய்யாமல் விட்ட தட்டுகள் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. அவற்றையும் குப்பையில் போட வேண்டாம். 'ஐசோபஸ்டர்' போன்ற நிரல்களால் படிக்க முடிகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கோப்பின் நோய். கார்டின் நோய் வேறு வகை.

தவறி அழித்த கோப்போ, விரைவு பார்மட் செய்த கார்டோ உடனே காலியாகிவிடுவதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவுதான் நீக்கப்படுகிறது. மேலே புதிதாக எழுதும்வரை பழைய தரவு அப்படியே இருக்கும். கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய 'ஃபோட்டோரெக்' என்ற இலவச நிரல், கோப்புகளின் தொடக்க அடையாளத்தை வைத்து அவற்றைத் தோண்டி எடுக்கிறது. புகைப்படங்களில் இது அருமையாக வேலை செய்யும். வீடியோவில் அவ்வளவாகச் செய்யாது. ஒரு கோப்பின் தரவு கார்டில் தொடர்ச்சியாக இருக்கும் என்பதை நம்பியே இந்த முறை நிற்கிறது. கோப்ரோ போன்ற கேமராக்களோ பெரிய கோப்பையும், முன்பார்வைக்கான சிறிய கோப்பையும் ஒரே நேரத்தில் எழுதுகின்றன. இரண்டும் மாறி மாறித் துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கும். அப்படித் தோண்டிய கோப்பு சில நொடி ஓடிவிட்டுச் சாம்பல் நிறமாகவோ பச்சைக் கட்டங்களாகவோ மாறும். அந்தக் கோப்பைப் பழுதுநீக்கும் மென்பொருளில் எத்தனை முறை போட்டாலும் பயன் இல்லை. உள்ளே இருக்கும் தரவே வேறு கோப்புடையது. துண்டுகளைச் சரியான வரிசையில் சேர்க்கத் தெரிந்த நிபுணரிடம்தான் கார்டைக் கொடுக்க வேண்டும்.

கணினி 'இந்தக் கார்டில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா?' என்று கேட்கும்போது ஒப்புக்கொள்வது பெரிய ஆபத்து. விண்டோஸின் செக்டிஸ்க் போன்ற கருவிகளின் வேலை கார்டின் கணக்கை நேர்செய்வது. உங்கள் படத்தைக் காப்பது அதன் வேலையே அல்ல. மூடப்படாத கோப்பின் பகுதிகளை அநாதையாகக் கருதிப் பெயர் மாற்றி வைக்கும், அல்லது வெட்டிவிடும். ஆகவே சந்தேகம் வந்த நொடியில் கார்டை வெளியே எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் பூட்டை நகர்த்திவிடுங்கள். குனு டிடிரெஸ்க்யூ போன்ற நிரலால் கார்டு முழுவதையும் ஒரே பிரதியாகக் கணினிக்கு எடுத்துக்கொண்டு, எல்லா முயற்சிகளையும் அந்தப் பிரதியில் செய்யுங்கள். எத்தனை முறை தோற்றாலும் மூலம் பத்திரமாக இருக்கும்.

மீட்கவே முடியாத நிலை ஒன்று உண்டு, அதைப் பற்றி மென்பொருள் விற்பவர்கள் பேசுவதில்லை. போலி கார்டுகள் 256 ஜி.பி. என்று மேலே அச்சிட்டு, உள்ளே அதில் சிறு பங்கே கொள்ளளவோடு விற்கப்படுகின்றன. கேமரா எழுதிக்கொண்டே போகும், பிழை எதுவும் காட்டாது. உண்மையான கொள்ளளவைத் தாண்டியதெல்லாம் எங்கும் பதிவாவதில்லை, அல்லது முன்பு பதிந்ததன் மேலேயே விழுகிறது. முதல் சில கிளிப்புகள் ஓடி, பிந்தையவை மட்டும் ஓடாவிட்டால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. கெட்ட கோப்பின் பிரதியை ஜிப் செய்து பாருங்கள். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்ட தரவு என்பதால் ஜிப்பில் அளவு பெரிதாகக் குறையாது. 4 ஜி.பி. கோப்பு சில எம்.பி.யாகச் சுருங்கினால் உள்ளே இருப்பது வெறும் சுழியங்கள். அதற்கு யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். புதிய கார்டு வாங்கியதும் 'எஃப்3' அல்லது 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவசச் சோதனையை ஓட்டினால் போலி அன்றே வெளிப்பட்டுவிடும்.

நோயே இல்லாத கோப்புகளும் மருத்துவமனைக்கு வருகின்றன. 2013இல் தரப்படுத்திய எச்.இ.வி.சி. முறையில், அதுவும் 10 பிட் நிறத்தில் எடுத்த படம் பழைய கணினியில் ஓடாது, அல்லது ஒலி மட்டும் கேட்கும். வி.எல்.சி.யிலோ புதிய கைப்பேசியிலோ ஓடுகிறதா என்று பார்த்துவிட்டால் கவலை தீர்ந்தது.

கோப்பு திறந்து, நடுவில் மட்டும் கட்டம் கட்டமாகச் சிதைகிறதென்றால், அங்கே தரவே கெட்டிருக்கிறது. இன்றைய சுருக்க முறைகளில் முழுப் பிரேம் அவ்வப்போதுதான் வரும். இடைப்பட்டவை முந்தைய பிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே சொல்லும். அதனால் ஓரிடத்தில் சில பைட் கெட்டாலும், அடுத்த முழுப் பிரேம் வரும்வரை சிதைவு தொடரும். பிளேயர்கள் பக்கத்துப் பிரேமின் பகுதியை ஒட்டி மறைக்கின்றன. சில புதிய மென்பொருள்கள் செயற்கை நுண்ணறிவால் முகத்தையே வரைந்து நிரப்புகின்றன. வீட்டு நினைவுக்காகச் செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை மீட்பு என்று சொல்லக் கூடாது. அந்த நொடியில் கேமரா கண்ட முகம் அது அல்ல. சாட்சியமாகப் பயன்படக்கூடிய பதிவில் அதைச் செய்யவே கூடாது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் மின்னணுப் பதிவின் ஹேஷ் மதிப்பைக் கேட்கிறது. ஒரு பைட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, பிரதியில் என்னென்ன செய்தோம் என்று எழுதியும் வைப்பதுதான் முறை.

1995இல் வந்த மினி டி.வி. நாடாக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவற்றுக்குத்தான் அவசரம் அதிகம். அந்த வடிவத்தில் ஒவ்வொரு பிரேமும் தனித்து நிற்கிறது. நம் நாட்டில் வழங்கும் பால் முறையில் ஒரு பிரேமுக்கு 1,44,000 பைட், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. ஒரு பிரேம் கெட்டால் அடுத்தது கெடாது. படிக்க முடியாத துண்டு எது என்பதும் தரவிலேயே குறிக்கப்படுகிறது. ஆகவே ஒரே நாடாவைப் பலமுறை ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்திலும் நன்றாக வந்த துண்டுகளைச் சேர்த்து ஒரு முழுப் பதிவு செய்யலாம். ஆவணக் காப்பாளர்களுக்காக உருவான 'டி.வி. ரெஸ்க்யூ' என்ற திறந்த மூல நிரல் இதைச் செய்கிறது. நாடாவை ஓட்ட இயங்கும் கேமராவும் ஃபயர்வயர் துளையுள்ள கணினியும் வேண்டும், இரண்டுமே அருகிவிட்டன. கடலோர ஊர்களின் ஈரத்தில் பூஞ்சை பிடித்த நாடாவை நேரே ஓட்டினால் ஹெட்டும் கெடும், அடுத்தடுத்துப் போடும் நாடாக்களும் கெடும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

மீட்புச் சேவைகளை நாடுபவர்கள் ஒரு நிபந்தனையை விடக் கூடாது: மீட்ட படத்தின் ஒரு பகுதியையாவது பார்த்த பிறகே பணம். கோப்பை இணையத்தில் ஏற்றினால் சரிசெய்து தருகிறோம் என்பவர்களிடம் குழந்தைகளும் குடும்பமும் உள்ள வீடியோவைக் கொடுக்குமுன், அது யாருடைய கணினியில் தங்கப்போகிறது என்று கேளுங்கள்.

இவ்வளவு பாடும் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது என்பதுதான் எனக்கு ஆற்றாமை தருகிறது. அட்டவணையைக் கடைசியில் மொத்தமாக எழுதாமல், சில நொடிகளுக்கு ஒருமுறை சிறு சிறு 'மூஃப்' பெட்டிகளாக எழுதும் முறை எம்.பி.4 தரத்திலேயே இருக்கிறது. அப்படி எழுதினால் பேட்டரி பிடுங்கப்பட்டாலும் கடைசிச் சில நொடிகள்தான் போகும். 2002இல் தொடங்கிய மட்ரோஸ்கா வடிவமும் இவ்வாறே தாங்கும். கணினித் திரையைப் பதிவுசெய்யும் ஓ.பி.எஸ். மென்பொருள் 2024இல் வெளியான 30.2 பதிப்பில் கடைசியில் எழுதும் முறை, 'மூஃப்' முறை இரண்டின் நன்மையையும் சேர்த்த கலப்பு எம்.பி.4ஐக் கொண்டுவந்தது. தன்னார்வலர்கள் உழைக்கும் ஓர் இலவச மென்பொருள் செய்ததை, லட்ச ரூபாய்க்கு விற்கும் கேமராக்கள் எல்லாவற்றிலும் எதிர்பார்ப்பது நியாயமே. இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் வசதி இதற்கு மாற்று ஆகாது. ஒரு கார்டு செத்தால் அது காப்பாற்றும். மின்சாரம் போனால் இரண்டு கார்டிலும் கோப்பு மூடப்படாமலே நிற்கும்.

தொழில்முறையில் படம் எடுக்கும் நண்பர்களே, முகூர்த்தம் முழுவதையும் ஒரே கிளிப்பாக ஓடவிடாதீர்கள்; சடங்குக்குச் சடங்கு நிறுத்தி எடுங்கள், ஒன்று போனாலும் மற்றவை நிற்கும். விளக்கு அணையும்வரை கார்டைத் தொடாதீர்கள். உங்கள் கேமராவின் ஒவ்வொரு பதிவு முறையிலும் இன்றே சில நிமிடம் எடுத்து, கேமராவின் பெயரோடு ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, அவை திறந்து ஓடுவதைப் பார்க்கும்வரை கார்டை பார்மட் செய்யாதீர்கள். அடுத்த கேமரா வாங்கப் போகும்போது, பதிவின் நடுவில் பேட்டரியைக் கழற்றினால் கோப்பு என்ன ஆகும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முடிந்தால் அங்கேயே கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.